எங்கள் செரோக்கிக்குப் புதுப் பெயின்ட்

எங்கள் விமானம் ஒரு பைப்பர் செரோக்கி 140. 1969-இல் புளோரிடாவின் வீரோ பீச்சில் செய்தது. ஒற்றை என்ஜின், 150 குதிரைத்திறன், இறக்கை கீழே இருக்கும் ரகம். டல்லாஸுக்கு வடக்கே ஒரு சிறிய விமான நிலையத்தில் மூன்று பேர் கூட்டாக வைத்திருக்கிறோம். நானும் அலுவலக நண்பர் ஒருவரும் தமிழர்கள். மூன்றாமவர் ஓய்வுபெற்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியர். யாரும் பணக்காரர் இல்லை. பெட்ரோல், இன்ஷூரன்ஸ், வருடாந்தரப் பரிசோதனை எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்துத்தான் ஓட்டுகிறோம். அதனால் பெயின்ட் அடிக்கலாம் என்று பேச்சு எழுந்த நாளிலேயே ஒரு கோடு போட்டுக்கொண்டோம்: எட்டாயிரம் டாலர்.

பார்வைக்கு மட்டும் மோசமாக இருந்திருந்தால் இன்னும் சில வருடம் தள்ளிப்போட்டிருப்போம். ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) கிடைக்கும் முன் வருடக்கணக்கில் டெக்சாஸ் வெயிலில் நின்ற விமானம் அது. இறக்கையைத் தடவினால் உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் இடது இறக்கையின் மேல்பக்கம், ரிவெட் தலைகளைச் சுற்றி, பெயின்டுக்கு அடியில் மண்புழு ஊர்ந்த தடம்போல் நெளிநெளியாக மேடு தெரிந்தது. நகத்தால் கீறினால் தோல்போல் உரிந்து, உள்ளே சாம்பல் நிறப் பொடி இருந்தது. அலுமினியத்தை அரிக்கும் நோய் அது; ஃபிலிஃபார்ம் அரிப்பு என்பார்கள். பெயின்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே ஈரம் புகுந்தால் இப்படித்தான் ஊர்ந்துகொண்டே போகும். வருடாந்தரப் பரிசோதனை செய்யும் மெக்கானிக் அதைக் காட்டி, "இதற்கு மேல் காத்திருக்காதீர்கள்" என்றார்.

நான்கு இடங்களில் விலை கேட்டோம். பழைய பெயின்டை முழுக்க உரித்துவிட்டு அடிக்க, மூன்று இடங்களில் 15,000 முதல் 22,000 டாலர் வரை சொன்னார்கள். நான்காவது இடத்தில் 7,500. நாங்கள் போட்ட கோட்டுக்குள் இருந்ததால் யோசிக்காமல் 1,000 டாலர் முன்பணம் கட்டிவிட்டோம். பிறகுதான் விவரம் கேட்டோம். உரிக்க மாட்டார்களாம், பழைய பெயின்டின் மேற்பரப்பை லேசாகத் தேய்த்துவிட்டு அதன் மேலேயே அடிப்பார்களாம்.

அந்த வாரம் ஊருக்குப் பேசும்போது சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் பெயின்டராக இருந்தவர். விமானம் என்றதும் கொஞ்சம் தயங்கினார். அப்புறம், "பழைய பெயின்ட் மேலயேவா கண்ணு அடிக்கப் போறாங்க? வேண்டாம்னு சொல்லிரு. மேல என்ன கலர் அடிச்சாலும் ஒண்ணுதான். அடியில எந்தளவுக்குச் சுத்தமா இருக்கோ அந்தளவுக்குத்தான் நிக்கும்" என்றார். பஸ்ஸில் ஒடுக்கு இருந்தால் பட்டி வைத்துத் தேய்ப்பதுபோல் இதிலும் செய்வார்களா என்று கேட்டார். இறக்கையிலும் வாலிலும் இருந்து விமானத்தைத் திருப்பும் அசையும் பாகங்களில் பட்டி வைக்கவே கூடாது என்றேன். காரணத்தை அவருக்கு விளக்கும் அளவுக்கு அப்போது எனக்கே தெரியாது.

அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தோம். பல மாதம் இழுத்தடித்து 600 டாலர் திரும்பி வந்தது. 400 போனது போனதுதான். சிக்கனமாகப் பெயின்ட் அடிக்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். விலையைக் கேட்கும்போதே என்னென்ன செய்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். முழுக்க உரிப்பார்களா, எந்த ப்ரைமர் (பெயின்டுக்கு அடியில் அடிக்கும் பூச்சு), பெயின்ட் எத்தனை கோட், அசையும் பாகங்களைக் கழற்றி அடிப்பார்களா, திரும்பச் சமநிலை பார்த்துத் தருவார்களா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். அவர்கள் காட்டும் புது விமானத்தைப் பார்க்காதீர்கள். மூன்று வருடம் முன்பு அடித்த விமானம் எங்கே நிற்கிறது என்று கேட்டு, அதன் இறக்கை முன்விளிம்பையும் கதவு ஓரங்களையும் போய்ப் பாருங்கள். புதிதாக அடித்த பெயின்ட் எல்லா விமானத்திலும் பளபளக்கத்தான் செய்யும்.

சரி, எட்டாயிரத்தில் முழு உரிப்பு எப்படி? செலவில் பெரும்பகுதி பெயின்டுக்கு இல்லை, ஆள் கூலிக்கு என்பது விலைப்பட்டியல்களைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. உரிப்பதும், கழுவுவதும், கழற்றி மாட்டுவதும், டேப் ஒட்டி மறைப்பதும்தான் காசைத் தின்கின்றன. அந்த வேலையில் எவ்வளவை நாங்களே செய்யலாம்?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் பகுதி 43-இன் பின்னிணைப்பு ஏ, உரிமையாளரான பைலட் தானே செய்துகொள்ளக்கூடிய பராமரிப்பு வேலைகளைப் பட்டியலிடுகிறது. உடல், இறக்கை, வால், என்ஜின் மூடி ஆகியவற்றுக்கு அலங்காரப் பூச்சு அடிப்பது அதில் உண்டு. இரண்டு நிபந்தனைகள்: முக்கிய அமைப்பு எதையும் கழற்றக் கூடாது, எடைச் சமநிலை பார்த்த அசையும் பாகங்களைத் தொடக் கூடாது. செய்த வேலையை லாக் புத்தகத்தில் (விமானத்தின் பராமரிப்புப் பதிவேடு) எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சட்டம் அனுமதித்தாலும் ஸ்ப்ரே அடிப்பதை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஹேங்கர் வாடகை ஒப்பந்தத்திலேயே ஸ்ப்ரே பெயின்டிங் கூடாது என்று இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம், விமானத்துக்கு அடிக்கும் இரண்டு பாகப் பாலியூரித்தேனில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். அதற்கு வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று தரும் முகக்கவசம் வேண்டும். வன்பொருள் கடையில் கிடைக்கும் சாதாரண மாஸ்க் போட்டு இந்த வேலையில் இறங்காதீர்கள். இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமே இல்லை.

ஒன்றரை மணி நேர கார் பயணத்தில் இருந்த ஒரு பெயின்ட் பட்டறைக்காரர் எங்கள் யோசனைக்கு ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் எல்லாம், "நீங்கள் உரித்து, நாளைக்கு உரிந்து வந்தால் யார் பொறுப்பு?" என்று மறுத்தார்கள், நியாயமான கேள்வி. இவர் வைத்த ஏற்பாடு இது: உரிக்கும் வேலை அவர் பட்டறையின் கழுவுமிடத்தில்தான் நடக்க வேண்டும். கழிவுநீரைப் பிடிக்கும் வசதி அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அடுத்தது. அமிலம் வைப்பது, அரிப்பைத் தடுக்கும் குரோமேட் பூச்சு, ப்ரைமர், பெயின்ட் எல்லாம் அவருடையது. அதற்கு 5,200 டாலர்.

அக்டோபரில் ஆரம்பித்தோம். வெப்பநிலை முக்கியம். கோடையில் உரிப்பான் காய்ந்துவிடும். குளிரில் வேலையே செய்யாது. மெத்திலீன் குளோரைடு கலந்த பழைய ரக உரிப்பான் நிமிடங்களில் வேலை செய்யும். ஆனால் ஆளைக் கொல்லும் ஆவி அது. 2019-லேயே பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்காவில் தடை செய்துவிட்டார்கள். நாங்கள் வாங்கியது பென்சைல் ஆல்கஹால் ரகம். மெதுவானது. தடிமனாகப் பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ராத்திரி முழுக்க விட வேண்டும்.

பூசும் முன் செய்ய வேண்டிய மறைப்பு வேலைக்கே இரண்டு சனி, ஞாயிறு ஆனது. கண்ணாடி என்று நாம் சொல்வது விமானத்தில் அக்ரிலிக். உரிப்பான் ஒரு சொட்டு பட்டால் அதில் வலைவலையாக விரிசல் விழும். எல்லா ஜன்னலுக்கும் இரண்டு அடுக்கு அலுமினியத் தாள் ஒட்டினோம். தகடும் தகடும் ஒன்றின் மேல் ஒன்று படியும் இணைப்புகளுக்கு அலுமினிய டேப் போட்டோம். அந்த இடுக்கில் உரிப்பான் புகுந்துவிட்டால் புதுப் பெயின்ட் அடித்த பிறகு மெல்லக் கசிந்து வெளியே வந்து அந்த ஓரத்தையே தூக்கிவிடும். சக்கரம், பிரேக் குழாய், வடிகால் துளைகள் எல்லாம் மூட வேண்டும். ஃபைபர்கிளாஸ், பிளாஸ்டிக் பாகங்களில் உரிப்பான் படவே கூடாது. கையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். வலது இறக்கையின் நுனி மூடியில் நான் இதைக் கோட்டைவிட்டேன். டேப்பின் ஓரம் தூக்கியிருந்ததைக் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு இளகிப்போயிருந்தது. புது மூடி 610 டாலர்.

மறுநாள் காலை பிளாஸ்டிக் தாளைத் தூக்கியபோது மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வெந்நீரில் போட்ட தக்காளித் தோல்போல் பெயின்ட் சுருங்கி எழும்பியிருந்தது. பிளாஸ்டிக் சுரண்டியை வைத்துத் தள்ளினால் நீளநீளமாக வந்தது. மேலே வெள்ளை, அதற்குக் கீழே வெளிர் மஞ்சள், அதற்கும் கீழே தொழிற்சாலையில் அடித்த பழைய நீலம். நாங்கள் மூன்றாவது, நான்காவது உரிமையாளர் என்று நினைத்திருந்தோம். இந்த விமானத்துக்கு எங்களுக்கு முன் எத்தனை வாழ்க்கை இருந்திருக்கிறது என்பதை அந்த அடுக்குகள் காட்டின. ஓய்வுபெற்ற ஆசிரியர் நீலத்தில் ஒரு துண்டை எடுத்துக் கழுவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மேல்பக்கம் சுலபம். வயிற்றுப்பக்கம்தான் ஆளைக் கொன்றது. ஐம்பது வருட எண்ணெயும் புகையும் அங்கே படிந்திருக்கும். மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே சொட்டும் உரிப்பானோடு வேலை. மெல்லிய நைட்ரைல் கையுறை இதற்குத் தாங்காது. ப்யூட்டைல் ரப்பர் கையுறையும் முழு முகக் கவசமும் வேண்டும். ரிவெட் தலைகளைச் சுற்றி நைலான் பிரஷ்ஷும் நைலான் தேய்ப்பானும் மட்டும்தான். இரும்பு நார் தொடவே கூடாது. அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து, பின்னால் அங்கேயே அரிப்பு தொடங்கும். மெஷின் வைத்துத் தேய்க்கவும் பட்டறைக்காரர் விடவில்லை. விமானத் தகட்டின் மேல் தூய அலுமினியம் ஒரு மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும். மெல்லிய தகடுகளில் ஒரு பக்கத்துக்குக் கனத்தில் 5 சதவீதம்தான் அது. அரிப்பிலிருந்து காப்பது அந்தத் தோல். மெஷின் ஒரு நிமிடத்தில் அதைத் தின்றுவிடும்.

எல்லாம் உரிந்த பிறகு பட்டறைக்காரர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து இறக்கையின் மேல் ஊற்றினார். தண்ணீர் ஒரே தகடாகப் பரவி நின்றால் சுத்தம். முத்துமுத்தாகப் பிரிந்தால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டது. திரும்பக் கழுவச் சொன்னார். மூன்றாவது தடவைதான் தகடாக நின்றது. மூன்றாவது தடவை கழுவும்போது எனக்குச் சித்தப்பா சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் பட்டறைக்காரர் பாஸ்போரிக் அமிலம் வைத்து, அரிப்பு இருந்த இடங்களைத் தனியாகச் சுத்தம் செய்து, குரோமேட் கரைசல் பூசினார். அலுமினியம் இளம் தங்க நிறத்துக்கு மாறியது. அந்த நிறத்தைப் பார்த்தபோதுதான் செய்த வேலை உருப்படியானது என்ற நம்பிக்கை வந்தது.

இனி, இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயம்.

விமானத்தில் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஏலரான், வாலில் செங்குத்தாக நிற்கும் ரடர், செரோக்கியில் வாலில் படுக்கையாக இருந்து முழுசாக அசையும் ஸ்டெபிலேட்டர் ஆகியவை கீலில் தொங்குகின்றன. கீலுக்கு முன்னால் ஒரு எடை வைத்து, பின்பக்கத்தின் கனத்தைச் சமன் செய்திருப்பார்கள். பின்பக்கம் அளவுக்கு மீறிக் கனத்தால், வேகமாகப் பறக்கும்போது அந்தப் பாகம் காற்றில் கொடித் துணிபோல் படபடக்கத் தொடங்கும். ஃப்ளட்டர் என்பது அதுதான். தொடங்கிவிட்டால் சில நொடிகளில் அந்தப் பாகம் பிய்ந்து போகலாம். பெயின்டுக்கும் எடை உண்டு. அந்த எடையில் பெரும்பகுதி கீலுக்குப் பின்னால்தான் சேரும். பட்டி வைக்கக் கூடாது என்பதற்கும், இந்தப் பாகங்களை உரிமையாளர் தொடக் கூடாது என்று சட்டம் சொல்வதற்கும் இதுவே காரணம்.

எங்கள் மெக்கானிக் இவற்றைக் கழற்றினார். உரிப்பதற்கு முன்னாலேயே, "சும்மா ஒரு தடவை பார்த்துவிடுவோம்" என்று இடது ஏலரானைத் தாங்கியில் வைத்து அளந்தார். பைப்பர் கையேடு அனுமதிக்கும் எல்லைக்கு வெளியே இருந்தது, பின்பக்கம் கனம். திரும்ப அளந்தார், அதே அளவுதான் வந்தது. யாரோ ஒருவர், எப்போதோ, பழைய நீலத்தின் மேல் மஞ்சளும் மஞ்சளின் மேல் வெள்ளையும் அடித்துவிட்டு, சமநிலை பார்க்காமலேயே மாட்டிவிட்டிருக்கிறார். லாக் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஏலரானோடு என் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு நான் ஆஸ்டினுக்கும் ஹூஸ்டனுக்கும் போய் வந்திருக்கிறேன். மெக்கானிக் எதுவும் சொல்லாமல் அந்த அளவை ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

உரித்து, மெல்லிய கோட் அடித்து, திரும்ப அளந்தபோது எல்லாப் பாகமும் எல்லைக்குள் வந்தன. கழற்றி, அளந்து, மாட்டி, லாக் புத்தகத்தில் எழுதித் தர அவர் வாங்கியது 900 டாலர். பழைய விமானம் வாங்கப் போகிறவர்கள், அதற்கு எப்போது பெயின்ட் அடித்தார்கள் என்று கேளுங்கள். அந்தத் தேதிக்குப் பக்கத்தில் அசையும் பாகங்களின் சமநிலை அளவு லாக் புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், வாங்கும் முன் அளக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் அடியில் செலவழித்ததால் மேலே சிக்கனம் பிடித்தோம். மொத்த விமானத்துக்கும் ஒரே வெள்ளை. பெயின்டிலேயே இரண்டாவது நிறம் கேட்டால் மறைப்பதற்கும் காய வைப்பதற்கும் கூடுதல் நாட்கள். பட்டறைக்காரர் அதற்கு 1,400 கேட்டார். அதற்குப் பதிலாக நீலப் பட்டையையும் பதிவு எழுத்துகளையும் வினைலில் வெட்டி வாங்கி நாங்களே ஒட்டினோம், 480 டாலர். நிரந்தரமாக ஒட்டியிருக்கும் வரை பதிவு எழுத்துக்கு வினைல் செல்லும். எழுத்தின் உயரம் பற்றி எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. 30 வருடத்துக்கு மேலான சிறிய விமானம் 2 அங்குல எழுத்தோடு பறக்கலாம், பார்க்கவும் அழகு. ஆனால் எல்லையோர வான் பாதுகாப்பு மண்டலத்தைக் கடக்க 12 அங்குலம் கட்டாயம். நண்பருக்கு என்றாவது ஒருநாள் பஹாமாஸ் போக வேண்டும் என்ற ஆசை. 12 அங்குலமே ஒட்டினோம். நீலம் எந்த நீலம் என்பதில் மட்டும் வாக்குவாதமே இல்லை. ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து வைத்தார்.

துருப்பிடித்த பழைய திருகுகளுக்குப் பதில் புதிய ஸ்டெயின்லெஸ் திருகுகளும் கதவு ரப்பரும் 340. உரிப்பான், டேப், கையுறை வகையறா 780. எல்லாம் முடிந்து விமானத்தைத் தராசில் ஏற்றி எடை போட்டது 250. அதைத் தவிர்க்கலாமா என்று நான் கேட்டேன். தவிர்க்க வேண்டாம் என்றார் மெக்கானிக். தராசு காட்டியது காகிதத்தில் இருந்ததைவிட 19 பவுண்டு அதிகம். ஐம்பது வருடமாகக் கூட்டிக் கழித்து எழுதிய கணக்கு அவ்வளவு விலகியிருந்தது. மொத்தம் 8,560 டாலர். கோட்டைத் தாண்டிய தொகை, நான் கெடுத்த இறக்கை நுனியின் விலையைவிடக் கொஞ்சம் குறைவு. அதை என் பங்கிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னேன். மற்ற இருவரும் கேட்கவில்லை.

பட்டறைக்காரருக்குப் பணத்தை மூன்று தவணையாகக் கொடுத்தோம். கடைசித் தவணை, விமானத்தை வெயிலில் இழுத்து நிறுத்திப் பார்த்த பிறகு. விளக்கொளியில் தெரியாத வழிசல் வெயிலில் தெரியும். இரண்டு இடம் காட்டினோம், சரிசெய்து கொடுத்தார்.

எடுத்து வரும் நாளில் ஒரு பட்டியலோடு போனோம். மறைக்க ஒட்டிய டேப் ஒவ்வொன்றையும் ஒட்டும்போதே எழுதி வைத்திருந்தோம். எல்லாம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். வேண்டுமென்றே அப்படி வாங்கினோம். 1996 அக்டோபரில் பெரு நாட்டில் ஒரு போயிங் 757-ஐக் கழுவியபோது காற்றழுத்தம் அளக்கும் துளைகளின் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். இருட்டில், உயரமும் வேகமும் தெரியாமல் விமானம் கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள். செரோக்கியில் அந்தத் துளைகள் இடது இறக்கைக்குக் கீழே ஒரு சிறிய துடுப்பில் இருக்கின்றன. குனிந்து, டார்ச் அடித்து, துளைக்குள் பெயின்ட் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்தேன். எரிபொருள் தொட்டியின் காற்றுத் துளை, வடிகால் துளைகள், பெயர்த்தகடு ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பார்த்து டிக் போட்டோம். பட்டியலில் 31 டேப். குப்பைப் பையில் எண்ணியது 30. முக்கால் மணி நேரம் தேடினோம். ஸ்டெபிலேட்டரின் அடிப்பக்க வடிகால் துளையில் இருந்தது.

அப்புறம் கட்டுப்பாடுகளை அசைத்துப் பார்த்தோம். பாகங்களைக் கழற்றி மாட்டிய பிறகு திசை மாறிப்போக வாய்ப்பு உண்டு. யோக்கை (பைலட் கையில் பிடிக்கும் ஸ்டீயரிங்) இடதுபக்கம் திருப்பினால் இடது ஏலரான் மேலே எழ வேண்டும். எழுந்தது. ஓடுபாதையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு இறங்கி, திரும்ப எல்லாத் திருகையும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் பறந்தோம்.

முதல் 30 நாள் மெழுகு போட வேண்டாம், மழைக்குள் பறக்க வேண்டாம் என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார், கடைப்பிடித்தோம். மூன்றாவது மாதம் முன்சக்கரத்துக்கு மேலே ஒரு கல் பட்டு மிளகு அளவுக்குப் பெயர்ந்தது. அதே கலவையில் அரை லிட்டர் கேட்டு வாங்கி, ஹேங்கர் சூட்டில் கெட்டுவிடும் என்று வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன். மகள் சின்ன பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தொட்டு வைத்தாள். ஓரத்தைக் கீறிப் பார்த்தேன். சுற்றியிருந்த பெயின்ட் அசையவே இல்லை.